நாலு மீட்டர் இருபது

அந்தப் பள்ளத்தாக்கு ஒரு புனல் மாதிரி. மேலே வாய் அகலம். சுற்றிலும் மலை. மலையிலிருந்து ஏழு ஓடைகள் ஆளுக்கொரு பக்கமாக இறங்கி வந்து அடியில் ஒன்று சேரும். சேர்ந்த பிறகு பரந்து ஓட இடம் கிடையாது. இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே, ஒரு லாரி நுழைந்தால் இரண்டு பக்கமும் உரசுகிற அகலத்தில் ஒரே ஒரு இடுக்கு. ஊரில் அதைக் கழுத்து என்பார்கள். ஏழு ஓடைத் தண்ணீரும் அந்தக் கழுத்து வழியாகத்தான் பெரிய ஓடையாகக் கீழே வந்தாக வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. இதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டால் போதும், அன்றைக்கு நடந்த அத்தனையும் புரிந்துவிடும்.

கழுத்தைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் கீழே, கரையோரம் ஒரு கொட்டகை. அலுவலக ஏட்டில் அதற்கு நீர்மட்ட நிலையம் என்று பெரிய பெயர். போய்ப் பார்த்தால் தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு முக்காலி, ஒரு பதிவேடு, சுவரில் ஒரு கடிகாரம், கைப்பிடியைச் சுற்றினால் கீழே அலுவலகத்தில் மணி அடிக்கிற பழைய டெலிபோன். அவ்வளவுதான். வெளியே பாறையில் அறைந்த இரும்புக் கம்பம். அதில் மீட்டர் கணக்கில் கோடுகள். நாலாவது மீட்டரில் சிவப்புப் பட்டை. கொட்டகையின் வாசற்படியும் சரியாக அதே உயரத்தில்தான் இருந்தது. இப்படிக் கட்டின புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது.

கம்பத்தைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு பெண் இருந்தாள். ஊரே அவளை அளவுக்காரி என்றுதான் கூப்பிட்டது. மழைக்காலத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கரையில் நின்று கோட்டைப் பார்ப்பாள், பதிவேட்டில் எழுதுவாள், டெலிபோனைச் சுற்றி அலுவலகக் குமாஸ்தாவிடம் சொல்வாள். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் குத்துமதிப்பாக எழுதியதில்லை. இரண்டு கோட்டுக்கு நடுவில் தண்ணீர் ஆடினால், ஆட்டம் நிற்கிறவரை குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய மாமியாருக்கு இது பெரிய வேடிக்கை. மகாராணி தண்ணியை எண்ணிவிட்டு வருகிறாள், எத்தனை இருந்தது, ஒன்று குறைகிறதா என்று தினமும் வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். மாமியாருக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான்.

அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. தண்ணீர் சிவப்பைத் தொட்டால் சங்கு ஊத வேண்டும், ஓடை ஆற்றில் சேருகிற தாழ்வான சமநிலத்தில், ஊரில் தட்டை என்கிற இடத்தில் இருக்கிற நாற்பது வீட்டுக்காரர்களும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும். பிறகு அளவு தொடர்ந்து மூன்று தடவை இறங்கினால், வீட்டுக்குத் திரும்பலாம். ஏறுவதற்கு ஒரு எண், இறங்குவதற்கு மூன்று எண். யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் அப்படி வைத்தார்கள்.

அந்த வாரம் நாலு நாளாக மழை. சிவப்பைத் தொட்டு, சங்கு ஊதி, நாற்பது வீடும் இரண்டு இரவாகப் பள்ளிக்கூடத்தில் கிடந்தன. பெஞ்சுக்கு அடியில் குழந்தைகள், பெஞ்சுக்கு மேல் பெரியவர்கள். ஈரத் துணி வாடை வேறு. எப்போது விடுவீர்கள் என்று எல்லோரும் குமாஸ்தாவைப் பிடுங்கி எடுத்தார்கள். அவர் டெலிபோனில் அளவுக்காரியைப் பிடுங்கினார். அவளுக்கும் மனசு கேட்கவில்லை. பள்ளிக்கூடம் ஏறின மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, நாலிலிருந்து இறங்கி மூன்று மீட்டர் பத்து. ஒன்பது மணிக்கு இரண்டு இருபது. பன்னிரண்டு மணிக்கு ஒன்று பத்து. மூன்று இறக்கம். அவள் கொட்டகைக்கு ஓடாத குறையாகப் போய்க் கைப்பிடியைச் சுற்றினாள். நல்ல சேதி சொல்கிற வாய்ப்பு அந்த வேலையில் அடிக்கடி வராது.

குமாஸ்தா ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். நாற்பது வீடும் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு தட்டைக்கு இறங்கின. எல்லோருக்கும் முன்னால் இறங்கியது மாமியார் என்று குமாஸ்தாவே சிரித்துக்கொண்டு சொன்னார். இரண்டு நாளாகக் கறக்காத மாடு கத்துகிறதாம்.

பதினோரு வருடப் பழக்கம் மனுஷியை என்ன செய்யும் பாருங்கள். அவள் கம்பத்தைத்தான் பார்த்தாள், வானத்தைப் பார்க்கவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவப் போனாள். கொட்டகைக்குப் பக்கத்தில், மலைச்சரிவிலிருந்து நேராக இறங்குகிற ஒரு குட்டி ஓடை உண்டு. ஏழில் சேராதது. கோடையில் தாண்டிக் குதிக்கலாம். டப்பாவை முக்கினாள், தண்ணீர் வெடுக்கென்று மூடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அவள் கையை உதறிக்கொண்டு திட்டினாள். திட்டி முடிப்பதற்குள் வாய் அப்படியே நின்றது. இந்த இத்தனூண்டு ஓடை கரை புரள்கிறது. மழை தகரத்தில் அடி அடி என்று அடிக்கிறது. அப்படியானால் ஏழு ஓடை சேர்ந்த பெரிய ஓடை ஏன் இறங்குகிறது?

கம்பத்திடம் போனாள். நாற்பது சென்டிமீட்டர். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தெட்டு ஆனது. இதுவரை அவள் கண்ணில் படாத பாறைகள் வழவழவென்று பாசியோடு வெளியே வந்து உட்கார்ந்திருந்தன. ஒரு குழியில் மீன்கள் துள்ளின. அதைவிடப் பயங்கரம் என்னவென்றால், கரையில் நிற்கிறவளுக்குக் கொட்டகைக்குள் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. பதினோரு வருடத்தில் அந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டென்றே அவளுக்குத் தெரியாது. ஓடை எப்போதும் அதை மூடியே வைத்திருந்தது.

அவள் தலையைத் தூக்கிக் கழுத்து இருக்கிற பக்கம் பார்த்தாள். கழுத்தில் மலை சரிந்திருக்கிறது. மண்ணும் மரமும் விழுந்து அந்த இடுக்கை அடைத்துவிட்டன. விடியற்காலையிலிருந்து ஏழு ஓடையும் கொட்டிய தண்ணீர் அத்தனையும் அந்த மண்மேட்டுக்குப் பின்னால் ஏறிக்கொண்டு நிற்கிறது. மண் எவ்வளவு நேரம் தாங்கும்? மாலை வரை தாங்கலாம், இந்த நிமிடமே உடையலாம். உடைந்தால் தட்டையில் ஒரு வீடு நிற்காது. அந்த நாற்பது வீட்டையும் மேட்டிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் அதன் வாயில் வைத்தது யார்? அவள்தான். அவளுடைய மூன்று எண்கள்தான்.

உள்ளே ஓடி வந்து கைப்பிடியைச் சுற்றினாள். குமாஸ்தா எடுத்தார். அவள் கொட்டித் தீர்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் போன வருடம் யாரோ பயந்து சொன்னதை நம்பிச் சங்கு ஊதி, ஊரே ஒரு இரவு குளிரில் நடுங்கி, மறுநாள் ஒரு சொட்டு வெள்ளமும் வராமல், விசாரணை என்று மூன்று மாதம் அவரை அலையவிட்டிருந்தார்கள். தண்ணீர் குறைந்தால் பயப்பட வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை என்றார். கழுத்துவரை போய்க் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை. போய்வர ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது.

“எனக்கு ஒரு எண் வேணும்மா,” என்றார். “உங்க பயத்தை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது?”

அளவுக்காரி ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்தாள். முப்பத்தைந்து இருக்கும்.

“அப்படின்னா எழுதிக்குங்க சார்,” என்றாள். “நாலு மீட்டர் இருபது.”

குமாஸ்தாவுக்குப் புரிந்துவிட்டது. இப்போதுதானே நாற்பது சென்டிமீட்டர் என்று அழுதாள். நேரம் ஒன்று இருபது, சொன்னவர் நீங்கள், கேட்டு எழுதியவன் நான், சரிதானே என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். சரிதான் என்றாள். வேலை போய்விடும் என்று இருவருக்கும் தெரியும். டெலிபோனை வைத்த கையோடு சங்கு ஊத ஆரம்பித்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளி, மழைக்குள்ளே, மெல்லிசாகக் கேட்டது. பின்னாலேயே ஒலிபெருக்கி. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. ஆனால் குமாஸ்தா என்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். நிலையத்தில் அளவு நாலு இருபது. அரை மணியில் ஊருக்கு வந்துவிடும். எல்லோரும் ஏறுங்கள்.

அப்போதே அவள் கொட்டகையைவிட்டு மேலே ஏறியிருக்க வேண்டும். ஆனால் ஊர் ஏறிவிட்டதா என்று தெரியாமல் அந்த டெலிபோனைவிட்டு நகர அவளுக்குக் கால் வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். மேலே கழுத்துப் பக்கமிருந்து சின்னச் சத்தம் வந்தாலும் உயிர் போய் உயிர் வந்தது. ஒரு தடவை கதவுதான் காற்றில் ஆடியது. அதற்கே அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

ஒன்று ஐம்பதுக்கு மணி அடித்தது. எல்லோரும் ஏறியாயிற்று என்றார் குமாஸ்தா. மாட்டைக்கூட ஏற்றிவிட்டார்களாம். வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டு எண்ணிப் பார்த்தாராம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாடா என்று மூச்சுவிடப் போனாள்.

“ஒருத்தர் குறையறாங்கம்மா,” என்றார் அவர். “உங்க மாமியார். நாலு இருபதுன்னா கொட்டகை முழுகிடுமே, என் மருமக அங்கதானே இருக்கான்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள கயித்தை எடுத்துக்கிட்டு இறங்கிட்டாங்க. ஓடைப் பாதையில வர்றாங்க.”

அளவுக்காரிக்கு முதலில் விளங்கவே இல்லை. மாமியாரா? பதினோரு வருடத்தில் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்காத மாமியாரா? ஊரில் அத்தனை பேரும் வெள்ளத்துக்குப் பயந்து மேலே ஓட, ஒரே ஒருத்தி வெள்ளத்தைப் பார்க்க எதிரே வருகிறாள். அதுவும் அவள் சொன்ன பொய்யை நம்பி. புருஷனாவது ஊரில் இருந்தால் பிடித்து நிறுத்தியிருப்பான். அவன் லாரியோடு எங்கேயோ தூரத்தில் இருந்தான்.

பதிவேட்டைக்கூட எடுக்கவில்லை. கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

வண்டிப் பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும், ஒன்பது கிலோமீட்டர். ஓடைப் பாதை மூன்றுதான். ஆனால் அது ஓடையோடு ஒட்டிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் சரிவு செங்குத்து. பள்ளம் சில இடத்தில் ஒரு வீதி அகலம்கூட இருக்காது. நடுவில் வெள்ளம் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. அவள் பாதையில் போகாமல், சரிவில் ஆள் உயரத்துக்கு மேலே, வேரையும் கிளையையும் பிடித்துக்கொண்டு போனாள். போனாள் என்பதைவிட விழுந்து விழுந்து எழுந்தாள் என்பதுதான் சரி. முழங்கை கிழிந்தது. ஒரு செருப்பு எங்கேயோ போயிற்று. முன்னால் ஒரு கண், பின்னால் இரண்டு காது. தண்ணீர் இல்லாத ஓடை கீழே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சேற்று வாடை வந்தது, தோண்டின குழியிலிருந்து வருகிற மாதிரி பச்சை மண் வாடை.

பாதி வழியில் ஓடை வளைகிற இடத்தில் மாமியாரைப் பார்த்தாள்.

கரைமேல் இல்லை. ஓடைக்குள்ளேயே, நட்ட நடுவில், ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். தோளில் மாடு கட்டுகிற கயிறு சுருட்டிக் கிடந்தது. மூச்சு வாங்கியது. கால் இரண்டையும் கணுக்கால் ஆழத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் போய்விட்டு வழியில் ஓய்வெடுக்கிறவள் மாதிரி இருந்தாள். மேலே சரிவில் மருமகளைப் பார்த்ததும் ஒரு கணம் அவள் முகம் அப்படியே இளகியது. அளவுக்காரி அதைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த கணம் பழைய முகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

“நாலு மீட்டரா,” என்றாள் மாமியார். “எங்கடி நாலு மீட்டர்? என் முழங்கால் நனையுதா பாரு.”

அளவுக்காரி கையை நீட்டினாள். மேலே வாங்க அத்தை, கழுத்தில் மண் அடைத்திருக்கிறது, பின்னால் தண்ணீர் நிற்கிறது, எந்த நிமிடமும் உடையும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். மாமியார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சங்கு ஊதி அரை மணிக்கு மேல் ஆயிற்று, வெள்ளம் எங்கே என்று கேட்டாள். முதலில் கரையோரமாகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாளாம். வரவர ஓடை வறண்டுகொண்டே போனதாம். இதற்கு மேல் என்ன பயம் என்று உள்ளேயே இறங்கி நடந்துவிட்டாளாம். நாற்பது வீட்டுக்காரர்களையும் முட்டாளாக்கினாயே, கைக்குழந்தைக்காரிகள்கூட மழையில் ஏறி நிற்கிறார்களே, உனக்கு என்ன கேடு வந்தது என்று வாய் ஓயாமல் பொரிந்தாள். பொரிகிற அந்த நேரம் முழுவதும் அவள் ஓடையின் நடுவில்தான் இருந்தாள்.

“அத்தை, கெஞ்சிக் கேக்கறேன். முதல்ல ஏறி வாங்க. அப்புறம் திட்டுங்க.”

“ஏறுறதா? நான் திரும்பிப் போறேன். போய் எல்லார்கிட்டயும் சொல்றேன், அவ சொன்னது பச்சைப் பொய், வீட்டுக்குப் போங்கன்னு.”

சொன்னவள் எழுந்தாள். கயிற்றைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு ஓடைக்குள்ளேயே கீழ்நோக்கி நடக்க ஆரம்பித்தாள். ஒரு பாறை, அடுத்த பாறை.

இவள் ஓடையிலேயே போய்ச் சாவாள். சாகாமல் ஊர் போய்ச் சேர்ந்தாலோ இன்னும் மோசம். நாற்பது வீட்டையும் மறுபடி கீழே இறக்கிவிடுவாள். இறங்கிப் பிடிக்கலாம் என்றால், பிடித்து இழுத்தால் வருகிற உடம்பா அது? மாட்டோடு மல்லுக்கட்டுகிற உடம்பு. கெஞ்சினால் நின்று கேட்கிறவளும் இல்லை. இந்த மனுஷியை ஒரே ஒரு விஷயம்தான் இழுக்கும் என்று மருமகளுக்குத் தெரியும். கோபம் வந்தால் அவள் எங்கிருந்தாலும் நேரே வந்துவிடுவாள், அறைவதற்கு.

இருபது நாளாக ஒரு விஷயம் அளவுக்காரியின் வயிற்றுக்குள் கல்லாகக் கிடந்தது. அவளும் புருஷனும் ஒருவருக்கொருவர்கூட உரக்கப் பேசிக்கொள்ளாத விஷயம். எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள்.

“நாங்க அடுத்த மாசம் தனியாப் போறோம்,” என்று அவள் அந்த முதுகைப் பார்த்துக் கத்தினாள். “டவுன்ல வீடு பாத்தாச்சு. உங்க பையன்தான் பாத்தாரு. அம்மாவைக் கூட்டிட்டுப் போக வேணாம், அந்த வாயை என்னால இனிமே கேக்க முடியாதுன்னு அவரேதான் சொன்னாரு.”

மாமியார் நின்றாள்.

பிறகு திரும்பினாள். வாய்க்கு வாய் பேசுகிற அந்த மனுஷி பேசாமல் வந்ததுதான் அளவுக்காரிக்குப் பெரிய பயமாக இருந்தது. கயிறு தோளிலிருந்து நழுவி ஓடையில் விழுந்தது, அதை அவள் எடுக்கவில்லை. பாறை பாறையாகத் தாண்டிக் கரைக்கு வந்தாள். சரிவில் கையை ஊன்றி, வேரைப் பிடித்து, ஆடு ஏறுகிற மாதிரி விறுவிறுவென்று ஏறினாள். மருமகள் நின்ற இடத்துக்கு வந்து, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

அளவுக்காரிக்குக் காது அடைத்தது. அறைந்ததனால் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அடைப்பு விடவில்லை. மேலிருந்து வந்து நிரம்பியது. பத்து இருபது லாரிகள் ஒரே சமயத்தில் கருங்கல்லைக் கொட்டுகிற சத்தம். காலுக்குக் கீழே மண் அதிர்ந்தது. வேர்கள் அதிர்ந்தன. வளைவின் மேல்புறத்திலிருந்து ஒரு குளிர்காற்று வந்து இருவர் முகத்திலும் சேற்றுத் துளியை வாரி அடித்தது.

மாமியாருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அறைந்த கையாலேயே மருமகளின் பின்னலைப் பற்றினாள், மேலே பார்த்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அளவுக்காரி வலியில் அலறிக்கொண்டே ஏறினாள். ஏறினார்கள், வழுக்கினார்கள், மறுபடி ஏறினார்கள். ஒருத்தி கால் நழுவினால் இன்னொருத்தி துணியைப் பிடித்தாள். யார் யாரைப் பிடித்தார்கள் என்று பிற்பாடு கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரிந்திருக்காது. ஒரு பெரிய மரத்தின் அடிக்கு வந்து அதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அளவுக்காரி கீழே பார்த்தாள்.

தண்ணீர் என்று அதைச் சொல்ல முடியாது. மலையே நடந்து வந்தது. முழு மரங்கள் வேரோடு நின்ற வாக்கில் வந்தன. வீட்டுப் பெரிசில் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உருண்டன. மாமியார் உட்கார்ந்திருந்த பாறை ஒரு நொடி தெரிந்தது, பிறகு தெரியவில்லை. அவர்கள் பேசிக்கொண்டு நின்ற சரிவு, அறை வாங்கிய இடம், அந்தச் சின்ன மரம், எல்லாம் பொலபொலவென்று அறுந்து உள்ளே போயின. கொட்டகையின் தகரக் கூரை, மடித்த காகிதம் மாதிரி ஆகி, சுழன்றுகொண்டே போனது. நாலு மீட்டரா, பத்து மீட்டரா என்று பார்க்கக் கம்பம் இல்லை. மரத்தைக் கட்டின கை தானாக இறுகியது. தண்ணீர் இன்னும் ஏறுகிறதா, இந்த மரமும் போகுமா என்று அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைத்தால் போய்விடும் என்று தோன்றியது.

வெள்ளம் வளைவைத் தாண்டி ஊரைப் பார்க்கப் போயிற்று. தட்டை அங்கிருந்து தெரியாது. தூரத்தில் பள்ளிக்கூட மேடு மட்டும் மழைக்கு நடுவே மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் குடைகள் புள்ளி புள்ளியாக நின்றன. நிறையக் குடைகள். அவை ஒன்றும் அசையவில்லை. எல்லோரும் கீழே தங்கள் வீடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அளவுக்காரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதாள். அந்த இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

மாமியார் அழவில்லை. பக்கத்தில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கை இரண்டும் சும்மா கிடந்தன. அறைந்த கை சிவந்திருந்தது. இரைச்சல் குறைந்து ஒரு பேச்சுக் கேட்கிற அளவுக்கு வர வெகு நேரமாயிற்று. அதுவரை அவள் ஓடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீடு பாத்தாச்சுன்னியே,” என்றாள். “எத்தனை ரூம்?”

பொய்தான் அத்தை, உங்களை மேலே வரவைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிடலாம். மாமியாரும் அதைத்தான் எதிர்பார்த்தாளோ என்னவோ. இல்லாவிட்டால் இரண்டு என்று சொல்லிவிட்டு, புருஷன் காலில் விழுந்தாவது இரண்டு அறை வீடு ஒன்றைத் தேடச் சொல்லலாம். மதியம்தான் நாலு மீட்டர் இருபது என்று சொன்ன வாய்க்கு இது ஒரு பெரிய காரியமா? ஆனால் அவள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். தனக்காக வெள்ளத்துக்கு எதிரே நடந்து வந்த முகம். அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“ஒண்ணுதான் அத்தை. ஒரு ரூமு, ஒரு சமையல்கட்டு.”

மாமியார் தலையை ஆட்டினாள். முழங்கால் சேற்றைக் கையால் வழித்து எறிந்தாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

“ரெண்டு பேருக்குப் போதும்,” என்றாள்.

மழை இன்னும் விடவில்லை. வண்டிப் பாதை மேலே எங்கேயோ இருந்தது. இருட்டுவதற்குள் அதைப் பிடித்தாக வேண்டும். மாமியார் முன்னால் ஏறினாள், அளவுக்காரி பின்னால் ஏறினாள்.